காளியப்பர் கதவைத் திறந்துவிட்டார், அண்ணி

என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்து எனக்குத் தோழியாகிப் போன அருமை அண்ணிக்கு,

நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டுவிட்டுப் போகிறேன், யார் தடுக்கப் போகிறார்கள்? இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம். அண்ணன் காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் ரொட்டி சானாய் என்று மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரரை வாழவைத்துக்கொண்டிருக்கிறார். திட்டினால் மட்டும் ஒருநாள் சோறு வடிக்கிறார். உங்கள் அலமாரியை இன்னும் யாரையும் திறக்க விடவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு தனம், நினைவு மலர் போடுகிறோம் என்று நம் பிரிவில் கேட்டார்கள். டாக்டர் விஜயா அப்படிப்பட்டவர், இப்படிப்பட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு உங்களிடம் ஒரு சேதி சொல்லவேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், பேசவே மூச்சு வாங்கிய நேரத்திலும் நீங்கள் ஒன்றையே கேட்டீர்கள். "அந்தப் பெரியவரு ஏன் தனம் என் மொகத்துல முழிக்க மாட்டேங்கிறாரு? நான் அப்படி என்ன பெரிய பாவம் பண்ணிட்டேன்?" எனக்குத் தெரியவில்லை. மாத்திரை போடுங்க அண்ணி என்று பேச்சை மாற்றினேன். இப்போது தெரிந்துவிட்டது. நீங்கள் போன பிறகு தெரிந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் புரியவேண்டும் அல்லவா?

அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆபீஸ்ல, உருப்பட்ட மாதிரிதான் என்று நம் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறச் சமூக மேம்பாட்டுப் பிரிவில் நீங்கள் ஆய்வாளர், நான் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. நீங்கள் வெயிலில் அலைந்து வீடு வீடாகக் கேட்டுவந்ததை நான் குளுகுளு அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்வேன். பாரோய் அடுக்குமாடிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் என்னையும் இழுத்துக்கொண்டீர்கள். "நீ தோட்டத்துல பொறந்தவ, வந்து பேசு. நான் பேசினா இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி பாக்குறாங்க" என்றீர்கள்.

சுவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விற்றதும் அங்கிருந்த சனமெல்லாம் பாரோய் அடுக்குமாடிக்குத்தான் வந்து சேர்ந்தது. லயத்து வரிசை வீடுகளில் சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் வெந்நீர் வைத்த சனம், இங்கே எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தது. நீங்கள் குடியிருப்பாளர் கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் வந்திருக்கும். அப்புறம் காளியப்பர் வருவார்.

எழுபதைத் தாண்டிய மனிதர். இரண்டாம் மாடி. ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. வந்து நாற்காலியை விரித்துப் போடுவார், முடிந்ததும் மடக்கி அடுக்குவார். உங்களை "டாக்டரு பொண்ணு" என்று கூப்பிடுவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் வீட்டில் அவரும் அவருடைய அண்ணி அஞ்சலையம்மாவும் மட்டும்தான். அஞ்சலையம்மாவின் வீட்டுக்காரரை, அதாவது காளியப்பரின் அண்ணனை, ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. செத்தார் என்ற சேதியும் வரவில்லை. அந்த அம்மா இன்றுவரை குங்குமத்தை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. அந்த அண்ணனுக்கு யாரும் திதி கொடுத்ததும் இல்லை.

கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? "தோட்டத்துல இருந்து எத இங்க கொண்டாந்தா நல்லாருக்கும்?" ஒருத்தி ஆத்தங்கரை என்றாள். இன்னொருத்தர் சண்டை போட ஒரு திடல் வேணும்மா என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், பெரட்டுக்கு அடிக்கிற தண்டவாளத்தைக் கொண்டாந்து மாட்டுங்க, அது சத்தம் கேட்டா தன்னால கால் எறங்கி வந்துரும்லா என்று. விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்புக்காகத் தோட்டத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பார்களே, அது.

உங்கள் கண் அப்படியே விரிந்ததைப் பார்த்தேன். போச்சு, இனி இவங்க தூங்கமாட்டாங்க என்று நினைத்தேன். தெமியாங்கில் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பட்டணத்துப் பிள்ளை நீங்கள், உங்களுக்கு அது ஒரு அதிசயம். பழைய தோட்டத்துக்கே வேனை எடுத்துக்கொண்டு போய், காவல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அதே தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்துவிட்டீர்கள். புதிதாகப் பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல எல்லோரிடமும் காட்டினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, கீழ்த்தளத்தில் கம்பியில் மாட்டினோம். சனம் கொஞ்சம் கூடியிருந்தது. நீங்கள் இரும்புத் தடியைக் காளியப்பர் கையில் கொடுத்தீர்கள்.

"ஐயா, நீங்கதான் இங்க மூத்தவரு. மொத அடி உங்க கையாலதான்."

"வேணாம்மா. வேற யாராச்சும்…"

"வெக்கப்படாதீங்க ஐயா. தொடர்ந்து அடிங்க, மேல்மாடி வரைக்கும் கேக்கட்டும்!"

"அடி தாத்தா, அடிலா!" என்று இளவட்டங்கள் கை தட்டின.

ஒரே ஒரு அடி அடித்தார். தடி கை நழுவி விழுந்தது. யாரையும் பார்க்காமல் படியேறிப் போனார். அதோடு சரி. கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனாலும் கதவு திறக்கவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தை அடித்துத்தான் ஆண்களைக் கூட்டி லாரியில் ஏற்றினார்கள் என்று வேறு பெரியவர்கள் சொன்னபிறகுதான் நமக்குத் தெரிந்தது. உங்கள் முகம் செத்துப்போயிற்று. மறுநாளே கழற்றி ஆபீஸ் பின்னறையில் போட்டுவிட்டீர்கள். அண்ணனைப் பறிகொடுத்த மனுசன் கையில போயி அதக் குடுத்தேனே, புண்ணக் கீறி விட்டேனே என்று அழுதீர்கள். பிறகு வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறினீர்கள். கதவுக்கு வெளியே நின்று, "ஐயா, தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க" என்பீர்கள். அஞ்சலையம்மாதான் ஜன்னலோரம் வந்து, "இருக்காருமா. ஆனா இல்லன்னு சொல்லச் சொல்றாரு" என்று பழத்தை வாங்கிக்கொள்வார். நானாவது சிரித்தேன். உங்களுக்கு அதற்கும் அழுகைதான் வந்தது.

அப்புறம் உங்களுக்கு உடம்புக்கு வந்தது. இரண்டாம் மாடி ஏற முடியாமல் போனது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

உங்களைக் கிடத்தியிருந்த அன்று தெமியாங் வீட்டுக்குக் காளியப்பர் வந்தார், அண்ணி. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பேருந்து பிடித்து, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றார். நான் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து "அண்ணி, அண்ணி" என்று கத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இவர் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிரோடு இருந்தப்ப கதவைத் திறக்கத் துப்பில்லை, இப்ப எதற்கு வந்தார்? எழுந்து போய்க் கேட்டே இருப்பேன், அண்ணன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

போகும்போது என்னிடம் வந்து, "கருமாதி முடிஞ்சதும் வீட்டுக்கு வாம்மா. ஒன்னு சொல்லணும்" என்றார்.

போனேன். ஒரு வெள்ளிக்கிழமை. அஞ்சலையம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கதவு விரியத் திறந்திருந்தது. அந்தக் கதவு அப்படித் திறந்து கிடந்ததை நீங்கள் அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"அன்னிக்கு அந்தத் தண்டவாளத்த அடிச்சது நான்தாம்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆமா, நீங்கதான் அடிச்சீங்க, நாங்கதான் அடிக்கச் சொன்னோம் என்றேன்.

"இங்க இல்லம்மா. ஜப்பான்காரன் காலத்துல. எனக்கு அப்பதான் மீச மொளச்ச வயசு. ஸ்டோர் வேல. வெயிலு நல்லா ஏறின நேரம். எங்கள வேல வாங்குற மண்டோரு வந்து, டேய் காளி, தொடர்ந்து அடிடான்னாரு. பக்கத்துல துப்பாக்கியோட ரெண்டு ஜப்பான்காரன். நேரங்கெட்ட நேரத்துல தொடர்ந்து அடிச்சா என்ன அர்த்தம், நீ தோட்டத்துப் பொண்ணுதானே, ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். நெருப்பு என்று அர்த்தம். லயத்தில் தீப்பிடித்தால் அப்படித்தான் அடிப்பார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆண்பிள்ளைகள் எல்லாம் ஓடிவருவார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அவரைத் தொடர்ந்து அடிக்கச் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நெருப்புன்னுதான் நானும் நெனச்சேன். அடி அடின்னு அடிச்சேன். ஓடியாந்தவனெல்லாம் லாரிக்குப் போனான். ஒதவி செய்ய ஓடியாந்தவன்தான் மாட்டுனான், சோம்பேறியெல்லாம் தப்பிச்சான். எங்கண்ணன் வாளி நெறய தண்ணியத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாரு. மூச்சு வாங்குது. எங்கடா நெருப்பு, காளி, எங்கடா நெருப்புன்னு என்னத்தான் கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள தூக்கி ஏத்திட்டானுங்க. என்ன மட்டும் மண்டோரு அந்தப்பக்கம் தள்ளி நிறுத்திட்டாரு. அடிச்சவன்ல."

பேசிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் உங்களை நினைத்தால் பொறுக்கவில்லை.

"அதுக்கு ஏன்யா எங்கண்ணி மொகத்துல கதவச் சாத்துனீங்க?" என்றேன்.

"யுனிவர்சிட்டிக்காரங்க கண்டுபிடிச்சிட்டாங்கன்னு நெனச்சேம்மா. இல்லன்னா அத்தன பேரு இருக்கறப்போ, அந்தத் தோட்டத்துத் தண்டவாளத்தையே தேடிக் கொண்டாந்து, என் கையில எதுக்குக் குடுக்கணும்? தொடர்ந்து அடின்னு எதுக்குச் சொல்லணும்? அப்பறம் டாக்டரு பொண்ணு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டப்பதான் அதுக்கு ஒன்னும் தெரியாதுன்னு புரிஞ்சுது. மன்னிப்புக் கேக்கவேண்டியவன் உள்ள ஒக்காந்திருக்கேன், வெளிய நின்னு அந்தப் பொண்ணு கேக்குது. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தொறக்கறது?"

ஒவ்வொரு வாரமும் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார், அண்ணி. நீங்கள் படியிறங்கிப் போகும் சத்தம் ஓயும்வரை நின்றிருக்கிறார். உங்கள் மேல் அவருக்குத் துளி கோபம் இல்லை. இதை நான் உங்கள் காதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சொல்லுங்களேன், எப்படிச் சொல்வது?

என் வாய் சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். "எங்கண்ணி இதக் கேக்காமலே போய்ச் சேந்துட்டாங்க. உங்கண்ணி இருக்காங்கல்ல? அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"சொன்னா என்ன வெளிய போடான்னு சொல்லிருவாங்கம்மா. இந்த வயசுல நான் எங்க போவேன்? அவங்க கையால ஒருவாய் காப்பித்தண்ணி இல்லாம எனக்கு விடிஞ்சதே இல்ல. நீ அண்ணி அண்ணின்னு அழுதியே அன்னிக்கு, அப்ப நெனச்சேன். அவங்க கண்ண மூடுனா நானும் இப்படித்தான் அழுவணும், ஆனா அழுவறதுக்கு எனக்கு என்ன யோக்கியத இருக்குன்னு நெனச்சேன். ஆனா சொல்றதுக்கு வாய் வரலம்மா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் அஞ்சலையம்மா நின்றார். கையில் விபூதிப் பொட்டலம். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. "என்ன சொல்லணும் என்கிட்ட?" என்றார்.

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். காளியப்பர் என் முந்தானையைச் சின்னப் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டார். அப்படியே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மண்டோர் சொன்னது, தான் அடித்தது, அண்ணன் ஓடிவந்தது, எல்லாம். அந்த அம்மா முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாளியோடவா வந்தாரு?"

"ஆமா அண்ணி. தண்ணி தளும்பத் தளும்ப."

"நீ பாத்தியா? ஒன் கண்ணால?"

"பாத்தேன் அண்ணி. என்கிட்டதான் நெருப்பு எங்கன்னு கேட்டாரு."

"அப்ப தானா லாரி ஏறலையா?"

"அய்யோ, இல்ல அண்ணி. நாலு பேரு தூக்கிப் போட்டானுங்க. எறங்கப் பாத்தாரு, அடிச்சானுங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். காளியப்பரிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொன்னதுபோல இருந்தது.

"அன்னிக்குக் காலையில எனக்கும் அவருக்கும் சண்டம்மா. அரிசி ஏது அப்ப? மரவள்ளிக்கெழங்கு அவிச்சி வச்சேன். தெனமும் இந்தக் கெழங்குதானான்னு தட்டத் தள்ளுனாரு. எனக்கும் எரிச்சலு. அரிசிச்சோறு வேணும்னா சயாமுக்குப் போ, அங்க போடுறானாம்னு சொல்லிட்டு மலங்காட்டுக்கு வேலைக்குப் போயிட்டேன். பொழுதுசாய வந்தா ஆளு இல்ல. சயாமுக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. தானா போனவனும் உண்டு, புடிச்சிட்டுப் போனவனும் உண்டு. பாத்தவனெல்லாம் லாரியோட போயிட்டான், நான் யாரக் கேக்கறது? நான் சொன்னேன், அவரு போயிட்டாருன்னுதான் இன்னிவரைக்கும் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

காளியப்பர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரே வீடு, அண்ணி. ஒரே அடுப்பு. அவர் தன் கையால் அண்ணனை அனுப்பியதாக நினைத்துக்கொண்டு ஒரு மூலையில், அந்த அம்மா தன் வாயால் புருசனை அனுப்பியதாக நினைத்துக்கொண்டு இன்னொரு மூலையில். அண்ணன் பேச்சை எடுத்தால் மற்றவருக்கு வலிக்குமே என்று இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காளியப்பர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா தன் வயசுக் காலத்திலேயே நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அது காளியப்பருக்கும் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அஞ்சலையம்மா எழுந்துவந்து அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. "ஏன்டா சொல்லல? ஏன்டா என்கிட்ட சொல்லல?" தண்டவாளம் அடித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்து ஓய்ந்து, அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, "மறுபடி சொல்லு. ஓடியாந்தாருன்னியே, அதுலருந்து சொல்லு" என்றார்.

அவர் மறுபடி சொன்னார். நான் கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். படியில் உட்கார்ந்து அழுதேன். ஒப்பாரி வைத்தபோதுகூட அப்படி அழவில்லை. நீங்கள் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கக் கூடாதா? என்ன அவசரம் உங்களுக்கு? உங்கள் கை பட்டுத்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது, அதுவே தெரியாமல், பெரிய தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்ச்சேர்ந்தீர்களே!

பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆய்வாளப் பெண் இதைக் கேள்விப்பட்டு ஒலிப்பதிவுப் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். நல்ல பெண்தான். இரும்மா, முதலில் நாற்காலி மடக்கப் பழகு, பேச்சு அப்புறம் தானே வரும் என்று உட்கார வைத்திருக்கிறேன். இதை எழுதலாமா என்று இருவரையும் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "எழுதும்மா. நான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லாதத நீயாவது சொல்லு" என்றார் காளியப்பர்.

ஆடி அமாவாசைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரையில் காளியப்பரின் அண்ணனுக்குத் திதி கொடுக்கப் போகிறார்கள். முதல் திதி. அஞ்சலையம்மா ஐயரிடம் தானே போய்ப் பேசிவிட்டு வந்தார். "அண்ணனுக்கு எள்ளுந்தண்ணியும் விட்டப்பறம் இன்னொரு பேரும் சொல்லணும், சொந்தம் இல்லாதவங்களுக்கு விடலாமான்னு கேளுங்க அண்ணி" என்று காளியப்பர் சொல்லி அனுப்பியிருக்கிறார். விடலாம் என்றாராம் ஐயர்.

அன்றைக்கு வேனை நான் ஓட்டுகிறேன். நான் ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி சொல்வீர்களே, இந்தத் தடவை நிதானமாகவே ஓட்டுகிறேன், சத்தியம். அந்த இரண்டு பேரையும் பத்திரமாகக் கடலோரம் கொண்டுசேர்ப்பது என் பொறுப்பு. காளியப்பர் தண்ணீரில் இறங்கி நின்று விஜயா என்று உங்கள் பெயரைச் சொல்வார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை அப்போது அவர் வாயாலேயே சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கே இருந்தாலும் அன்றைக்கு ஒரு நாள் காதைக் கொடுங்கள், அண்ணி.

என்றும் உங்கள் வாயாடி நாத்தனார்,
தனம்